கானா அங்கிளுக்கு வந்த கலெக்ட் கோல்

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர்: அம்மா, சித்தப்பா, கட்டிலில் நித்திரையாய்க் கிடந்த தம்பி, நான், எதிர்வீட்டுக் கானா அங்கிள். அப்பா பிறம்ரனுக்கு வேலைக்குப் போயிருந்தார். அவர் நின்றிருந்தால் அந்தப் பிழை நடந்திராது என்று இன்றைக்கும் எனக்கொரு நினைப்பு. நான் எல்லாவற்றுக்கும் அப்படி நினைக்கிறவள்தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கனடாவில், வெக்ஸ்போர்ட்டில் ஒரு மாடிக் கட்டிடத்தின் நாலாம் தளம். எனக்குப் பத்து வயது. மார்ச் மாதப் பள்ளி விடுமுறை. கானா அங்கிள் இங்கே அலுவலகம், கந்தோர் என்று துப்புரவாக்குகிறவர். தன் நாடான கானாவில் பல்கலைக்கழகத்தில் மண்ணைப் பற்றிப் படிப்பித்தவர். அந்தப் பல்கலைக்கழகமும் ஜேர்மனியில் ஒன்றும் ஓர் ஒப்பந்தம் செய்திருந்தன. கானா ஆசிரியர் ஒருவர் ஜேர்மனியில் ஒரு வருடம், ஜேர்மன்காரர் ஒருவர் கானாவில் ஒரு வருடம். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். இதை ஒழுங்காகத்தான் சொல்கிறேனா என்று இப்போதும் பயமாக இருக்கிறது.

முதல் ஆளாக இவரை அனுப்பக் கானாவிலுள்ள துறைத்தலைவருக்கு விருப்பம். அன்று காலை பத்து மணிக்குத் தலைவர் ரெலிபோன் எடுப்பார். இவர் ஓம் என்றால் இடம் இவருக்கு. இல்லாவிட்டால் அடுத்தவருடைய பெயர் அன்றே ஜேர்மனிக்குப் போய்விடும். அங்கிளின் வீட்டு ரெலிபோன் வெட்டுப்பட்டிருந்தபடியால், அப்பா எங்கள் நம்பரைக் கொடுக்கச் சொல்லியிருந்தார்.

ஒன்பதரைக்கே அங்கிள் கோட்டுப் போட்டு ரையும் கட்டி வந்துவிட்டார். ரெலிபோனில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று எனக்குச் சிரிப்பு. அம்மா ரோல்ஸ் பொரித்து வைத்தார். சித்தப்பாவுக்கு ஆங்கிலம் விளங்கும், பேசத்தான் கூச்சம். ஆகவே அவருடைய விசாரணைக்கு நான் நடுவில்.

"ஆள் அனுப்பிற ஏஜென்சிக்கு எவ்வளவு கட்டினவராம், கேள்."

ஏஜென்சி இல்லை, ரிக்கெற் அவர்களே தருகிறார்கள் என்றார் அங்கிள். வருடம் முடிந்ததும் வீடு திரும்புவதற்கும் அவர்களே.

"கேட்டியளே அண்ணி! திருப்பி அனுப்பவும் காசு குடுக்கினமாம். என்னையும்தான் ஜேர்மனியிலை இருந்து திருப்பி அனுப்பப் பாத்தவங்கள். இப்பிடி மரியாதையா இல்லை."

"எங்கட சனம் ஜேர்மனியிலை இருந்து இஞ்சை வரத் துடிக்குது, இந்த மனுசன் இஞ்சை இருந்து அங்கை போகுது," என்றார் அம்மா. "ரோல்ஸ் ஆறப்போகுது, சாப்பிடச் சொல்லு பிள்ளை."

சித்தப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "எனக்கும் கொழும்பிலை ஒருத்தன் சீல் குத்தின கடிதம் காட்டித்தான் ஏமாத்தினவன். உந்தக் கடிதத்தை நான் ஒருக்காப் பாக்கவேணும், கொண்டுவரச் சொல்லு."

அங்கிள் சிரித்துக்கொண்டு கடிதம் எடுக்கப் போனார். அவர் போன கையோடு ரெலிபோன் அடித்தது. பத்துக்குப் பத்து நிமிடம் இருந்தது.

எங்கள் வீட்டில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. ஊரிலிருந்து புறப்பட்ட சொந்தக்காரர் எந்த நாட்டில் போய் இறங்கினாலும் எங்களுக்குக் கலெக்ட் கோல் போடுவார்கள். காசு கட்டச் சம்மதமா என்று ஒப்பரேற்றர் கேட்பார். நாங்கள் வேண்டாம் என்று வைத்துவிடவேண்டும். ஆள் சுகமாய்ச் சேர்ந்துவிட்டார் என்ற செய்தி சதம் செலவில்லாமல் வந்துவிடும். அந்த வேலை என்னுடையது. இரண்டு வருடமாகப் பிசகாமல் செய்துவந்தேன்.

ஒப்பரேற்றரின் குரல், ஓர் இருமல், பிறகு நீளமான ஒரு பெயர். "நோ, தாங் யூ," என்று வைத்துவிட்டேன்.

"அம்மா, ஆரோ வந்து சேர்ந்திட்டினம்!"

"ஆரடி? என்ன பேர் சொன்னது?"

அந்தப் பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்த்தபோதுதான் அது எங்கள் ஆட்களின் பெயரில்லை என்று விளங்கியது.

கதவில் அங்கிள், கையில் கடிதத்தோடு. அழுகைக்கு நடுவில் எப்படிச் சொன்னேனோ தெரியாது. அவர் என் முன்னால் குந்தினார். பேசியவர் இருமினாரா என்று மட்டும் கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன்.

"அப்படியென்றால் அவர்தான். துறையில் வெளிநாட்டுக் கோலுக்குக் காசு இருக்காது," என்றார். ஏசவில்லை. கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

நாங்கள் காத்திருந்தோம். ரெலிபோன் திரும்ப அடிக்கவில்லை. பத்தரைக்குச் சித்தப்பா அங்கிளின் கையிலிருந்த கடிதத்தை வாங்கினார். மேலே துறையின் நம்பர் அச்சடித்திருந்தது.

"எத்தினை மணிக்குக் கந்தோர் பூட்டுவினமாம்?"

அங்கே ஐந்து மணி. எங்களுக்குப் பன்னிரண்டு.

கொழும்புக்கு லைன் எடுத்துப் பழகிய கை சித்தப்பாவுடையது. பிசி என்றால் வைப்பார், உடனே அமத்துவார். விரல் நொந்தபோது பென்சிலின் பின்பக்கத்தால் அமத்தினார். அம்மா கொடுத்த தேத்தண்ணியை அவர் தொடவேயில்லை. பதினொன்று, பதினொன்றரை. அந்த நம்பர் முழுவதும் எனக்குப் பாடமாகிவிட்டது. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு நிமிடம் இருக்க, "அடிக்குது! அடிக்குது!" என்று கத்தி ரிசீவரை நீட்டினார்.

அங்கிள் எழுந்து, கோட்டின் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டுதான் அதை வாங்கினார். "ஓம் சேர். வருகிறேன் சேர்," என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு தன் மொழியில் என்னவோ சொல்லிச் சத்தமாகச் சிரித்தார். அம்மாவும் சேர்ந்து சிரித்தார்.

அவர் பேசி முடித்ததும் சித்தப்பா என் காதுக்குக் கிட்ட வந்தார். "ஒரு வருசம் வெளியிலை நிண்டிட்டுப் போனாலும் உவற்றை ஊர் வேலை அப்பிடியே இருக்குமோ, கேள்."

இருக்கும் என்றார் அங்கிள். இவ்வளவு காலத்துக்குப் பிறகும் துறையில் தன் மேசையை யாருக்கும் கொடுக்கவில்லையாம்.

"பெடியள்? படிக்கப் பெடியள் இருப்பினமோ?"

அந்தக் கேள்வி அங்கிளுக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். பெடியள் எங்கே போய்விடப் போகிறார்கள் என்றார்.

சித்தப்பா தலையாட்டினார். கண்ணாடிக் கதவைத் திறந்து, ஜாக்கெற் இல்லாமல் பல்கனிக்குப் போய், வெறும் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஊரில் பதினொரு வருடம், சண்டையில் வகுப்பில் பெடியள் இல்லாமற்போகும் வரை, கணக்கு வாத்தியாராக இருந்த மனிதர். இரண்டு மணிக்கு அவர் டவுன்டவுனில் கோப்பை கழுவப் போகவேண்டும்.

பென்சில் பிடித்த விரல் நோகிறதாக்கும், குளிரில் வைத்து ஆற்றுகிறார் என்று நினைத்தேன். உள்ளே இருந்து கண்ணாடியில் தட்டி, "சித்தப்பா, ஐஸ் வேணுமோ?" என்று கேட்டேன்.