அருவாளோடு வரும் அண்ணன்

ராசப்பன் தன் கன்னத்தில் அருவாளை இழுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அட்டை அருவாள்தான், மேலே ஜிகினாத்தாள் ஒட்டியது, வெண்ணெயைக்கூட வெட்டாது. ஆனாலும் மேடை ஏறும்முன் இந்தச் சோதனை நடந்தே ஆகவேண்டும். "பட்டா வலிக்குமா வலிக்காதான்னு நமக்குத் தெரியணும்ல? வெட்டு வாங்குறவரும் புள்ளகுட்டிக்காரரு" என்பார்.

பகலில் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் திருவெள்ளறைக்கும் ஓடும் பஸ்ஸில் கண்டக்டர். "உள்ள வாங்க, உள்ள வாங்க, கல்யாண மண்டபம் மாதிரி காலியாக் கெடக்கு" என்று கூவுவார். உள்ளே எள் போட்டால் எள் விழாது. கைலாசபுரத்து நாடகக் குழுவில் வருஷக்கணக்காக அவருக்கு ஒரே வேஷம். ஓடிப்போன தங்கையைத் துரத்திவந்து, ஆற்றங்கரையில் அவள் காதலனை வெட்டும் அண்ணன். அதுவரை பாட்டும் சிரிப்புமாகப் போகும் கதை அந்த ஒரு வெட்டில்தான் தலைகீழாகும். வெட்டிய பிறகுதான் அண்ணனுக்குப் புத்தி வரும். "ஒருதரம் அண்ணேன்னு கூப்பிடும்மா" என்று கதறுவார். தங்கை வாய் திறக்காமல் ஆற்றில் இறங்கிவிடுவாள். உடனே ராசப்பன் திரைக்காரருக்கு "போலாம் ரைட்!" கொடுப்பார். விட்டுத்தொலையேன் ஐயா என்று எல்லாரும் சொல்லிப் பார்த்தாயிற்று. அந்தக் குரல் கேட்காமல் திரைக்காரரும் கயிற்றைத் தொடுவதில்லை.

ஒருமுறை பஸ்ஸில் ஓர் அம்மாள், "தங்கச்சி வாழ்க்கையக் கெடுத்த பாவி, உன்கிட்ட டிக்கெட் வாங்கமாட்டேன்" என்று சண்டைக்கு வந்துவிட்டார். "அது மேடைங்க. என் தங்கச்சி ஸ்ரீரங்கத்துல நல்லா இருக்கு" என்றார் ராசப்பன்.

நல்லா இருப்பதே பெரிய கதை. சில வருஷங்களுக்கு முன் தங்கை வேணி, வேறு சாதி ஜெயக்குமாரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். "நீயெல்லாம் ஒரு ஆம்பளையா?" என்று சொந்தபந்தம் உசுப்பேற்றியது. பையில் நிஜ அருவாளோடு ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறினார் மனிதர். முந்தின நாள்தான் ஒத்திகை. கதறிக் கதறித் தொண்டை கட்டியிருந்தது. காவிரிப் பாலத்தில் பஸ் ஏறியதும் தண்ணீரைப் பார்த்தார். பேசாமல் ஆற்றில் இறங்கும் அந்தத் தங்கைக்கு வேணியின் முகம் இருந்தது.

கதவைத் திறந்த வேணி பையைப் பார்த்தாள். பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "வாங்கண்ணே, இந்த வெயில்ல வந்திருக்கீங்க" என்று சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். குடித்தார். பையைத் திறக்காமலே திரும்பிவிட்டார். "அந்த வேசம் இல்லேன்னா நான் இன்னிக்கு ஜெயில்ல. அதக் கையெடுத்துக் கும்பிடணும் சார்" என்று இப்போதும் சொல்வார்.

பிறகு போக்குவரவு, தீபாவளிச் சீர் எல்லாம் உண்டு. நாடகத்துக்கு மட்டும் வேணி வந்ததில்லை. "அன்னிக்கு வாசல்ல பாத்த மூஞ்சிய இன்னொருவாட்டிப் பாக்க முடியாதுண்ணே" என்பாள். இன்றைக்கு, என்ன தோன்றியதோ, ஜெயக்குமாரோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் பாதியில் எழுந்து போய்விட்டால் அப்புறம் எந்த முகத்தோடு அந்த வீட்டுப் படி ஏறுவது? ராசப்பன் அருவாளை இன்னொருமுறை கன்னத்தில் இழுத்துப் பார்த்துவிட்டு மேடை ஏறினார்.

வெட்டு விழுந்தது. காதலனாக நடித்த அரவிந்தன் சாய்ந்தார். முதல் வரிசையில் வேணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தாள். போய்விடுவாள் என்றுதான் ராசப்பன் நினைத்தார். வசனம் துண்டு துண்டாக வந்தது.

"ஒருதரம்... அண்ணேன்னு கூப்பிடும்மா..."

மேடைத் தங்கை வழக்கம்போல வாய் திறக்கவில்லை.

"அண்ணே!" என்றாள் வேணி, கீழேயிருந்து. "நான் இங்கதாண்ணே இருக்கேன். அழுவாதீங்க!"

கூட்டம் குபீரென்று சிரித்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. செத்துக்கிடந்த அரவிந்தன் ஒரு கண்ணைத் திறந்து, "ரைட்டு சொல்லுங்கண்ணே" என்று கிசுகிசுத்தார். திரைக்காரர் கயிற்றைப் பிடித்தபடி காத்திருந்தார்.

ராசப்பன் அருவாளைக் கீழே வைத்தார். முதல் வரிசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.