சத்தம் போடாத பிக்கப்

யுத்தம் முடிந்து ராணுவம் ஏலம் விட்ட பிக்கப்பை என் தம்பிதான் எங்களுக்கு விற்றான். அதிர்ந்து பேசாத பிள்ளை. வண்டியும் அப்படித்தான் ஓடியது. என் கணவர் வாயைத் திறந்தாலே மாம்பலம் சந்தே அதிரும்.

ஆயில் மாற்ற, பின் அச்சின் பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலை அவர் திறந்தார். கூழ்கூழாக மரத்தூள் கொட்டியது. தேய்ந்த பல்சக்கரத்தின் சத்தத்தை அமுக்கத் தம்பி போட்டது. முன் சக்கரங்களுக்கு விசை பிரிக்கும் டிரான்ஸ்பர் கேசிலும் அதே தூள்.

தம்பியை வரவழைத்து அவர் ஸ்பானரால் அடித்ததில் பல் தெறித்தது.

"உடுங்க, செத்துடப் போறான்!" என்று குறுக்கே விழுந்தேன். என் தோளிலும் ஒன்று இறங்கியது.

ரத்த வாயோடு தம்பி மெல்லச் சிரித்தான். "இன்னாக்கா, இத்தினி நாளு சத்தம் கேட்டுச்சா?"

ஸ்பானரைப் பிடுங்கி அடுத்த அடியை நானே கொடுத்தேன்.

மரத்தூளைக் கழுவிவிட்டு ஊற்றிய கெட்டியான புது கியர் ஆயிலிலும் வண்டி தெருவெல்லாம் ஊளையிட்டது. கத்துகிறவர்களிடம் எனக்கிருந்த பயம் அன்றோடு போயிற்று.