மாசிதான் நல்ல மாசமாம்

போன ஞாயிற்றுக்கிழமை ஹட்டனில் மகள் வீட்டில் இருந்தேன். மருமகன் சாய்ந்துகொண்டு போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். வெளிநாட்டில் குடியேறின நம்ம பையன் ஒருவன், இலைதழை அச்சடித்த சட்டையை மாட்டிக்கொண்டு, மான் வேட்டைக்கு எந்த மாதம் நல்லது, காற்று எந்தப் பக்கம் அடிக்க வேண்டும் என்று வகுப்பெடுத்துக்கொண்டிருந்தான். மருமகன் நல்ல பிள்ளை. சும்மா பேச்சுக்குத்தான் கேட்டார்.

"அத்த, நீங்க காட்டோரமா இருந்தவங்கதானே? நம்ம பக்கம் எந்த மாசங்க நல்லது?"

"மாசி" என்றேன். அதோடு நிறுத்தியிருந்தால் மரியாதையாக இருந்திருக்கும். நிறுத்தவில்லை. நான் போட்ட சத்தத்தில் மகள் அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "அம்மா, பிரசர் குளிச போட்டீங்களா இல்லயா?" என்றாள். போட்டிருந்தேன். குளிசைக்கு அடங்குகிற கோபமா இது? பாவம், அந்த மனுசன் போனை அணைத்துவிட்டு வெளியே போய்விட்டார். உங்களிடமாவது ஒழுங்காகச் சொல்கிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் பட்டிப்பொலக் காட்டுக்குக் கீழே. பெயர் வேண்டாம். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, கூடை தூக்க ஆரம்பித்த காலம். தையிலும் மாசியிலும் அங்கே பனி விழும். விடிந்து பார்த்தால் கொழுந்தெல்லாம் கருகி, தொட்டால் நொறுங்கும். தேயிலை வாசம் என்றால் எவ்வளவு சுகம் என்று வெளியூர்க்காரர்கள் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். எனக்குத் தெரிந்தது கருகின கொழுந்தின் வாசம். அது பசி வாசம். கொழுந்து இல்லையென்றால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் பேர் இல்லை. பேர் என்றால் எங்களுக்கு ஒரு நாள் கூலி. அரை நாளுக்கு அரைப்பேர். அப்பனும் ஆத்தாளும் வைத்த பேரெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

மேலே புல் கருகிவிட்டால் மரையும் ஓடைப் பக்கம் இறங்கிவிடும். மரை மான் சாதிதான், ஆனால் மாடு உயரம் நிற்கும். சட்டப்படி அதைச் சுடக்கூடாது. அந்தச் சட்டம் லயத்து வரிசை வீட்டு ஆட்களுக்குத்தான் போலிருக்கிறது, தொரை பங்களாவுக்கு இல்லை. தோட்டத்து உதவி மேனேஜரான சின்னதொரையின் கூட்டாளிகள் கொழும்பிலிருந்து துவக்கோடு வந்து இறங்குவார்கள்.

மரை தண்ணிக்கு இறங்குகிற மாசம், அதனால் மாசிதான் வேட்டைக்கு நல்லது என்று தொரைமார் சொல்வார்கள். பாதி உண்மை. மீதியை நான் சொல்கிறேன். தகரம் தட்டிக் கத்திக்கொண்டு முள்ளுக்குள் ஓடி மரையை விரட்ட ஆள் வேண்டுமே? கொழுந்து கொட்டுகிற மாசத்தில் கூப்பிட்டால் எவன் போவான்? பட்டினி மாசத்தில் கூப்பிட்டால் போவான். மரையின் தாகத்தையும் பார்த்தார்கள், எங்கள் வயிற்றையும் பார்த்தார்கள். அப்படிப் பொறுக்கி எடுத்த மாசம் அது.

மாசி எங்களுக்கும் ஒரு மாசம். காமன் கூத்து மாசம். பிறை கண்டதும் கம்பம் ஊன்றி, மதனும் ரதியுமாக வேஷம் கட்டுகிற ஆட்களுக்குக் கையில் காப்புக் கட்டுவார்கள். காப்பு ஏறினால் கவிச்சி கூடாது, உயிர் போகிற இடத்தில் நிற்கக் கூடாது. சிவன் மதனை எரிக்கிற நாள் வரைக்கும் அவிழ்க்கவும் கூடாது. அந்த வருசம் மதன் என் அண்ணன் செல்லமுத்து. மதன் ஆட்டம் முழுக்க முட்டியில்தான் இருக்கிறது. அண்ணன் ஒற்றை முட்டியில் சுழன்று எழுந்தால் தப்பு அடிக்கிறவர்களே ஒரு அடி விட்டுவிட்டுப் பார்ப்பார்கள். "அரிதாரம் பூசுனாத்தான் நீ ஆளாவே தெரியிறே" என்று நான் அவனைச் சீண்டிக்கொண்டே இருப்பேன். எனக்கு வாய் அப்போதிருந்தே நீளம்.

கம்பம் ஊன்றிச் சில நாள்தான் ஆகியிருக்கும். காலையில் எல்லாரும் வேலைக்கு வந்து நிற்கிற பெரட்டுக் களத்தில், வெளிவேலையை மேய்க்கிற கண்டாக்கு சத்தம் போட்டார்.

"கான் வெட்டுற ஆளுக எல்லாம் ஒதுங்கி நில்லு. இன்னைக்குத் தொரையோட காட்டுக்கு."

மலைச் சரிவில் தண்ணீர் வடிகிற கான் வெட்டுவதுதான் அண்ணனுக்கு வேலை. முன்னால் போய்க் கையைக் காட்டினான். "ஐயா, காப்புக் கட்டியிருக்கேனுங்க. காட்டுக்கு வரக்கூடாதுங்க."

"நீயா சுடப்போற? கத்தத்தானே போற? கத்துறதுக்கு என்னா காப்பு?"

"சாமி குத்தமாயிருமுங்கய்யா."

"அப்ப சாமிக்கிட்டயே பேரு வாங்கிக்க."

நாலு பேர் சிரித்தார்கள். எங்கள் ஆட்கள்தான். இன்றைக்கும் அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. அந்த வாரம் அம்மாவுக்கும் எனக்கும் வேலை இல்லை. அண்ணன் என்னை ஒரு தடவை பார்த்தான். பிறகு தகரத்தை எடுத்துக்கொண்டான்.

ஓடையிலிருந்து இவர்கள் தட்டிக்கொண்டு ஏற வேண்டும், மேலே துவக்குகள் காத்திருக்கும். புதர் அசைந்திருக்கிறது. மரை என்று நினைத்துக் கொழும்புக்காரர் ஒருவர் சுட்டுவிட்டார். அண்ணனின் இடது முட்டி. இரண்டு பேர் கம்பளியில் தூளி மாதிரி கட்டித் தூக்கி வந்தார்கள். வேட்டையை நிறுத்தினார்களா? நிறுத்தவில்லை. மருந்துக் காம்பராவில் அண்ணனைக் கிடத்தியபோது மேலே தகரச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மரையும் அவர்களுக்குக் கிடைத்தது.

சாயந்திரம் கண்டாக்கு அண்ணனுக்கு அரைப்பேர் போட்டார். "மத்தியானத்துக்கு முந்தியே படுத்துட்டானே, நா என்னா செய்யட்டும்?" என்று அம்மாவிடம் சொன்னார். கெட்ட மனுசன் இல்லை அவர். நியாயமாகத்தான் நடக்கிறோம் என்று நிஜமாகவே நினைத்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அதோடு விடவில்லை. இருட்டுவதற்கு முன்னால் பங்களாவிலிருந்து ஒரு ஆள் சாக்கில் சுற்றி மரைத் தொடை கொண்டுவந்தார். "தொரை குடுத்துட்டு வரச் சொன்னாங்க." போன காலுக்குக் கால்! அதுவும் காப்புக் கட்டின வீட்டு வாசலில். அம்மா வந்தவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. சாக்கோடு இழுத்துப்போய்ப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தார். பக்கத்தில் நின்ற எனக்கு அந்த இறைச்சியைப் பார்த்து வாயில் எச்சில் ஊறியது. மத்தியானம் சாப்பிடவில்லை, ஊறத்தானே செய்யும்? அண்ணன் கால் போன அன்றைக்கு அந்தத் தொடையைப் பார்த்து என்னை எச்சில் விழுங்க வைத்தார்களே, அதற்கும் சேர்த்துத்தான் இந்தக் கோபம்.

நுவரெலியா ஆஸ்பத்திரியில் ஊசி போட இடைஞ்சல் என்று காப்பைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டார்கள். மதன் காப்பு அறுந்த பிறகு ஏது கூத்து? கம்பத்தை எரிக்காமலே பிடுங்கினார்கள். அடுத்த மாசிக்குக் காப்புக் கட்ட யாரும் கை நீட்டவில்லை. கட்டினாலும் மறுநாள் அதே பெரட்டில்தானே போய் நிற்க வேண்டும்? சாமி குத்தம் என்று பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். என்ன சாமி குத்தம்? சாமியா துவக்கைப் பிடித்தது?

அண்ணன் அதற்குப் பிறகு தோட்டத்துப் பக்டரி கேட்டில் காவலுக்கு உட்கார்ந்தான், மடங்காத இடது காலை நீட்டியபடியே. வேற்றுத் தோட்டங்களில் இன்னும் மாசிக்குக் கூத்து நடக்கிறது. எங்கள் டிவிசனில் இல்லை. எங்கள் மதன் பாட்டு வேறு எங்கேயும் இல்லாத மெட்டு. என் பிள்ளைகளுக்காவது பாடிக் காட்டு என்று எத்தனையோ தடவை கெஞ்சியிருக்கிறேன்.

"ஆடாம பாடுனா அது மதன் இல்ல புள்ள" என்பான். அதற்கு மேல் பேச விடமாட்டான்.

அவனும் போய்ச் சேர்ந்துவிட்டான். மதன் பாட்டு அவனோடு போய்விட்டது. எனக்குத் தெரிந்ததெல்லாம், மதன் எரிந்த பிறகு ரதி அழுகிற பாட்டு மட்டும்தான்.