கட்டிலுக்குக் கீழே இருந்த தீர்ப்பு

தென்காசியில் காலையில் என்னை எழுப்பியது பால்காரர் மணி. கொச்சி மட்டாஞ்சேரியில் எழுப்புவது சட்டத்தை அடிக்கும் சத்தம். என் அறைக்குக் கீழே ஹம்ஸாக்காவின் பைண்டிங் கடை. எர்ணாகுளத்துச் சட்ட நூலகத்திலிருந்து வரும் தீர்ப்பு இதழ்களை அடுக்கித் தைத்து, முதுகில் சுத்தியலால் தட்டுவார். பலகைத் தரை அதிர, கட்டில் அதிர, நானும் அதிர்ந்து எழுவேன். பிறகு கீழிருந்தே ஒரு கழியால் என் தரையை இடிப்பார். "வக்கீலே, சாயா வந்நு!"

எழுபதுகளின் கடைசியில் முதுகலைச் சட்டம் படிக்க வந்தவன் நான். பிறர் வீட்டில் ஓர் அறையில் வெகுநாள் தங்கியவனுக்கு அங்கே உரிமை ஏதும் பிறக்குமா என்பது என் ஆய்வு. பிறக்கும் என்றது ஓர் உயர் நீதிமன்றத் தீர்ப்பு. அதை முதல் அத்தியாயத்தில் நட்டு, ஐந்து அத்தியாயங்களையும் அதன்மேலேயே படரவிட்டேன். ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால் ஊர்ப்பக்கம் ஒரு கல்லூரியில் வேலை உறுதி. அம்மா அதற்குள் தெருவெல்லாம் என்னைப் புரொபசர் ஆக்கியிருந்தாள்.

வழிகாட்டியான டீச்சர் ஒவ்வொரு அத்தியாயத்தின் ஓரத்திலும் பென்சிலால் ஒரே கேள்வியை எழுதுவார்: 'இந்தத் தீர்ப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா?' நானும் ஒவ்வொரு முறையும் 'ஆம்' என்று எழுதினேன். தென்காசியில் நான் ஜூனியராக இருந்தபோது சீனியர் கற்றுத்தந்த ஆராய்ச்சி முறை அது. "பக்க எண்ணைச் சத்தமா சொல்லுடே. ஜட்ஜு புரட்டியா பாக்கப் போறாரு?" நூலக அலமாரியில் ஒரு வருடத்துத் தொகுதி இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. ஏழு மாதமாக அந்த இடத்தில் என் குடையை வைத்துக்கொண்டிருந்தேன். அந்தத் தொகுதி எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை. குடைக்கு நல்ல இடம்.

கெடுவுக்குப் பத்து நாள் இருக்கையில், சாயா குடிக்கக் கீழே போய் வழக்கமாக உட்காரும் காகித அடுக்கின்மேல் உட்கார்ந்தேன். நூலகத்தில் காணாத அந்த வருடத்து இதழ் ஒன்று சரிந்தது. எடுத்துப் புரட்டினால் என் தீர்ப்பு, செத்துக் கிடந்தது. இரண்டு நீதிபதிகள் அதை ரத்து செய்திருந்தார்கள்: எத்தனை வருடம் தங்கினாலும் அனுமதி அனுமதிதான், உரிமை ஆகாது. மாதக்கணக்கில் அதன்மேல் உட்கார்ந்துதான் சாயா குடித்திருக்கிறேன்.

"எந்தா வக்கீலே, முகம் வெளுத்துப் போச்சு?"

சொன்னேன். ஹம்ஸாக்கா ஊசியைப் பல்லில் கடித்தபடி யோசித்தார்.

"இந்தப் பேஜ் மாத்ரம் ஞான் தைக்காம விடட்டே? ஒராளும் அறியில்லா."

"இக்கா, இதே பேஜ் இந்தியா பூரா லைப்ரரியில இருக்கு."

"இருக்கட்டே. அவிடெயெல்லாம் ஒன்னப்போல ஆளுதானே படிக்கிறது?"

சாயா ஆறும்வரை அந்த யோசனை எனக்கும் பிடித்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

மறுநாள் படகில் எர்ணாகுளம் போனேன். டீச்சர் திட்டவில்லை, திட்டியிருக்கலாம்.

"எவிடெ நின்னு கிட்டி இது?"

"என் கட்டிலுக்குக் கீழே, டீச்சர்."

"தமாஷ் வேண்டா." வாழ்நாளெல்லாம் தமாஷ் பண்ணியவன் ஒரு தடவை உண்மை சொன்னால் இப்படித்தான். அத்தியாயங்களைத் திருப்பித் தந்தார். "முதல் தொட்டு எழுதணும். பத்து திவசம் போரா."

போதவில்லைதான். நாற்பது பக்கம் எழுதினேன். எல்லாம் அந்த இரண்டு நீதிபதிகளோடு சண்டை. கெடு போயிற்று, வேலையும் போயிற்று. அம்மா கடிதங்களில் 'புரொபசர்' என்பதை நிறுத்திவிட்டாள். இப்போது எர்ணாகுளத்து வக்கீல் ஒருவருக்கு முன்தீர்ப்புகள் தேடிக் கொடுக்கிறேன். ஒவ்வொன்றும் உயிரோடு இருக்கிறதா என்று மூன்று முறை பார்க்கிறேன். அறை அதேதான். ஊருக்குப் போனால், "எப்ப திரும்புதே?" என்று மட்டாஞ்சேரிக்குத் திரும்புவதைத்தான் கேட்கிறார்கள். இங்கே வீட்டுக்காரரும் ஓணத்துக்கு ஓணம் அதையே கேட்கிறார், நான் தென்காசிக்குத் திரும்புவதை நினைத்து.

ஹம்ஸாக்கா எதற்கும் அவசரப்படுபவர் அல்ல. என் ஆய்வேடு மூலையில் கிடந்ததைப் பார்த்து, "நல்ல கட்டிக் காகிதம், புஸ்தக முதுகில ஒட்டாம், எடுக்கட்டே?" என்றார். எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் அந்த வருடத்துத் தொகுதியைத் தைத்து முடித்தார்.

இன்று நூலகத்தில் அது தன் இடத்தில் நிற்கிறது. குடையைக் கையில் வைத்துக்கொண்டே அதை எடுத்து, நடுவில் அகல விரிப்பேன். முதுகு சற்றே விலகும். தாள்களுக்கும் அட்டைக்கும் நடுவே, முதுகு உறுதிக்காக ஹம்ஸாக்கா உள்ளே ஒட்டிய துண்டில், நான் தட்டச்சு செய்த பாதி வரி தெரியும். மூடினால் போய்விடும்.