பக்கத்து மண்டபத்து லக்கி டிரா

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். ஜொகூர் பாருவில் ஒரு ஹோட்டலில் கல்யாண விருந்து. சவுண்ட் சிஸ்டம் என் பொறுப்பு. பக்கத்து மண்டபத்தில் ஒரு கம்பெனியின் ஆண்டு விருந்து. நடுவே மடக்குச் சுவர் மட்டும்தான்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பக்கத்தில் வேறு நிகழ்ச்சி இருந்தால், யாருடைய வயர்லெஸ் மைக் எந்த அலைவரிசையில் இருக்கிறது என்று காலையிலேயே தாளில் எழுதி மாற்றிக்கொள்வோம். இரண்டு மைக்கும் ஒரே அலைவரிசையில் இருந்தால் அவர்கள் குரல் நம் ஸ்பீக்கரில் வந்துவிடும். எல்லை ஊரான ஜொகூர் பாருவில் நம் மலேசிய டிவி அலைகள் ஒரு பக்கம், சிங்கப்பூர் அலைகள் ஒரு பக்கம். மைக்குக்கு மிஞ்சுகிற இடம் கொஞ்சம்தான்.

அன்று காலை பக்கத்து மண்டபத்து சவுண்ட்காரர் தாளோடு வந்தார். முக்காடு போட்ட தமிழ் முஸ்லிம் பெண், முப்பது வயதுக்குள் இருக்கும்.

“அண்ணே, உங்க லிஸ்ட் இருந்தா கொடுங்க, ஒருதடவ பார்த்துக்கலாம்.”

எனக்கோ இருபது வருட சர்வீஸ் என்ற தலைக்கனம். “எல்லாம் செட் பண்ணியாச்சு லா, பிரச்சன வராது” என்று அனுப்பிவிட்டேன். அவர் தன் தாளை மேசையில் வைத்துவிட்டுப் போனார். நான் அதன் மேல் காப்பிக் கோப்பையை வைத்தேன். என்ன திமிர் பாருங்கள்!

மணப்பெண்ணின் அப்பா பக்கவாதம் வந்து தேறியவர். கையில் மைக் பிடிக்க முடியாது, பேச்சும் குழறும். மகளுக்காக நாலு வரி பேச மாதக்கணக்கில் பழகினாராம். என்னிடமிருந்த ஒரே காலர் மைக்கை அவர் சட்டையில் மாட்டினேன். பழைய செட், அலைவரிசையை மாற்ற முடியாது.

“எம் பொண்ணு...” என்று ஆரம்பித்தார். இரண்டாவது வரியில் எங்கள் ஸ்பீக்கரில் வேறொரு குரல் கணீரென்று கேட்டது. “நொம்போர் எம்பாட் பூலோ தூஜோ! சியாப்பா?” நாற்பத்தேழாம் நம்பர் யார் என்று மலாயில் கேட்கிறது பக்கத்து மண்டபத்து லக்கி டிரா, பரிசுக் குலுக்கல்!

மண்டபமே சிரித்தது. ஸ்பீக்கர்கள் கூட்டத்தைப் பார்த்து இருந்ததால், மேடையில் இருந்தவருக்கு அந்தக் குரல் சரியாகக் கேட்கவில்லை. தன் குழறலுக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து, பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். மணப்பெண்ணின் கண் கலங்கிவிட்டது.

கோப்பையைத் தூக்கிப் பார்த்தேன். காப்பிக் கறைக்குள் பக்கத்து மண்டபத்துப் பெண் எழுதியிருந்த முதல் மைக்கின் அலைவரிசை எண், என் காலர் மைக்கின் அதே எண். வெட்கம் பிடுங்கித் தின்ன, பக்கத்து மண்டபத்துக்கு ஓடி விஷயத்தைச் சொன்னேன்.

“அலமாக், அப்பா பேசறாரா? நீங்க போங்கண்ணே, நான் ஆஃப் பண்ணிடறேன்.”

காலையில் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வயர்லெஸ்ஸை அணைத்து, வயர் மைக்கை எடுத்துத் தன் அறிவிப்பாளர் கையில் கொடுத்தார். அறிவிப்பாளர் முகத்தைச் சுளித்துக்கொண்டு மேசை மேசையாகப் போக, இவர் அத்தனை பேர் முன்னாலும் வயரைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தார்.

நான் திரும்பி வந்து மைக்கைப் பிடித்தேன். “மன்னிச்சிருங்க. நடுவுல வந்தது பக்கத்து ஹால் சத்தம், தப்பு என்னோடது. ஐயா, அவங்க சிரிச்சது அதுக்குத்தான், நீங்க பேசினதுக்கு இல்ல.”

மகள் கைகொடுத்து எழுப்பினாள். நாலு வரியையும் சொல்லி முடித்தார். ஒரு கரண்டிச் சத்தம்கூட இல்லை.

பிறகு நன்றி சொல்லப் போனால், அந்தப் பெண் வயரைச் சுற்றிக்கொண்டே, “சாப்டீங்களாண்ணே?” என்றார். நான் குனிந்து வயரின் மறுமுனையை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தேன்.

இப்போதெல்லாம் எந்த மண்டபத்துக்குப் போனாலும், பெட்டியைத் திறக்கும் முன்பே தாளை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கதவைத் தட்டுகிறேன். என்னை அங்கே அனுப்புவது, பாதியில் உட்கார்ந்த அந்த அப்பாவின் முகம்தான்.