இரண்டு விரல் குறைந்த கவசம்

என் அக்கா செல்வராணியைப் பற்றிப் பேச வாயைத் திறந்தாலே எனக்குக் கோபம்தான் முதலில் வரும். அவள் மேல் இல்லை. அவள் செய்ததை மாட்டிக்கொண்டு மேடையேறிக் கைதட்டல் வாங்கினார்களே, அவர்கள் மேல். பொறுமையாகச் சொல்லுங்கள் என்று யாராவது சொன்னால் அவர்கள் மேலும் கோபம் வரும்.

அக்காவுக்கு நாற்பத்து நான்கு வயது. ஜொகூர் மாநிலத்து லாயாங் லாயாங்கில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வரிசை வீட்டில் தனியாக இருக்கிறாள். என் பெயர் ஷாமளா, அடுத்த தெருவில் புருஷன் பிள்ளையோடு இருக்கிறேன். அக்காவுக்கு சிம்பாங் ரெங்காமில் ஒரு தொழிற்சாலையில் வேலை. பெல்ட்டில் வருகிற பெட்டிகளைச் சரிபார்த்து அனுப்ப வேண்டும். மற்ற நேரமெல்லாம் போர்க்கவசம் செய்கிறாள். ஆமாம், போர்க்கவசம்தான். கார்ட்டூனிலும் கணினி விளையாட்டிலும் வருகிற வீரர்களைப் போல உடுத்திக்கொண்டு இளசுகள் பெரிய மண்டபத்தில் கூடுகிறார்கள், அதற்கு காஸ்ப்ளே என்று பெயர். அவர்களுக்கு நெஞ்சுக்கவசம், தோள்கவசம், தலைக்கவசம், வாள் எல்லாம் வேண்டும். இரும்பில் அடித்தால் யார் சுமப்பது? குழந்தைகள் தவழத் தரையில் விரிக்கிறோமே ஃபோம் பாய், அதே சரக்குதான். கட்டரால் வெட்டி, சூடான காற்று ஊதும் ஹீட் கன்னைக் காட்டி வளைத்து, செருப்புக் கடையில் பூசும் மஞ்சள் பசையால் ஒட்டி, மேலே சாயம் அடித்தால் நாலடி தள்ளி நிற்பவனுக்கு அது இரும்பு.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் என் மகள் லோஷினியின் பள்ளி மாறுவேடப் போட்டிக்குத்தான் முதல் தலைக்கவசத்தைச் செய்தாள். லோஷினிக்குப் பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் படத்தை ஃபேஸ்புக்கில் பார்த்துவிட்டு பொந்தியானிலிருந்து ஒரு பையன் கேட்டான், அவனைப் பார்த்து இன்னொருவன். கூடம் முழுக்க ஃபோம் துண்டும் பசை நாற்றமும் ஆனது. சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? காளியம்மா அத்தை வந்து மூக்கை மூடிக்கொண்டு, “இந்த வயசுல பொம்மக் கத்தி செய்றியேம்மா, ரெண்டு ஜாக்கெட் தச்சாலும் பேர் இருக்கும்” என்றார். “உங்க ஜாக்கெட்ட மாட்டிக்கிட்டு யாராச்சும் மேடை ஏறுனாங்களா அத்த?” என்று நான் கேட்டேன். எனக்கு வாய் நீளம். ஊரே சொல்லும்.

மூன்று வருடத்துக்கு முன்பு ஸ்கூடாயிலிருந்து லோகேஸ்வரன் என்று ஒருவன் வந்தான். இறக்கை வைத்த கவசம் வேண்டும் என்றான். இரண்டு மாதம் அக்கா அந்த இறக்கையோடுதான் தூங்கி எழுந்தாள். அதைப் போட்டுக்கொண்டு அவன் ஜொகூர் பாருவில் முதல் பரிசு வாங்கினான். கூட்டத்தில் நானும் அக்காவும் நின்றுகொண்டிருந்தோம். யார் செய்தது என்று அறிவிப்பாளர் கேட்டார். “என்னோட டீம்” என்றான் அவன். டீமாம்! அந்த டீம் விரல் நகத்தில் காய்ந்த பசையோடு மூன்றாவது வரிசையில் நின்று அவனுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தாள். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தவன் அவன், புண்ணியமும் அவனுக்கே. எனக்கு அவனை அந்த இறக்கையைப் பிடித்தே இழுத்துப்போட்டு உதைக்க வேண்டும் போலிருந்தது.

திரும்பி வரும்போது கூலாய் ஊர் தாண்டும் வரை அக்கா நகத்துப் பசையைப் பிய்த்துக்கொண்டே வந்தாள். பிறகு, “சொந்தமா செஞ்சவங்களுக்குத் தனிப் போட்டி ஒண்ணு இருக்கு” என்றாள். “செஞ்சவங்களே போட்டுக்கிட்டு மேடை ஏறணும். அதுதான் ரூல். அப்பத்தான் பேரக் கூப்பிடுவாங்க.”

“அப்ப ஏறு” என்றேன்.

“இந்த உடம்ப வச்சுக்கிட்டா?” என்றாள்.

அந்த ஒரு கேள்வியைத் தாண்ட அவளுக்கு மூன்று வருடம் ஆனது. இந்த வருடம்தான் பெயரைப் பதிந்தாள். எந்தக் கார்ட்டூனிலும் இல்லாத ஒருத்தியை அவளே வரைந்தாள். வீட்டு முன்னால் நாள் முழுக்க லாரியில், எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை போகிறது. அந்தச் சிவப்பும் கறுப்பும்தான் நிறம். நெஞ்சு முழுக்க செம்பனைப் பழம் போல அறுநூறு சொச்சம் செதில், தோளில் மட்டை முள். ஒவ்வொரு செதிலையும் தனித்தனியாக வெட்டி, சூடு காட்டி, கட்டைவிரலால் அழுத்திக் குழித்தாள். கட்டைவிரல் கொப்பளித்துத் தோல் உரிந்தது. நான் திட்டினேன், கேட்கவில்லை.

கவசம் செய்பவர்கள் முதலில் உடம்பின் அச்சை எடுப்பார்கள். பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். மேலே சாப்பாடு மூடும் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன் மேல் டேப்பை இறுக்கி ஒட்டிக்கொண்டே வர வேண்டும். பிறகு முதுகுப் பக்கம் கத்தரித்துக் கழற்றி, ஒட்டி மூடி, பழந்துணியை அடைத்தால் நம் உடம்பு பொம்மையாக நிற்கும். அதன் மேல் வைத்துத்தான் எல்லாம் வெட்டுவார்கள். வாடிக்கையாளர்களுக்கு அக்கா எப்போதும் சொல்லும் ஒரே பாடம், “சும்மா நில்லுங்க, எப்பவும் போல மூச்சு விடுங்க.” அவளுக்குச் சுற்றிவிட என்னைக் கூப்பிட்டாள்.

ஒரு ரோல் டேப் தீர்ந்து இரண்டாவதை எடுத்தேன். அதுவும் இடுப்புக்கு வரும்போதே மெலிந்துவிட்டது. “என்னக்கா இது, இடுப்பா தண்ணித் தொட்டியா? டேப்பு பத்தாது போல இருக்கே, கடைக்கு ஆள் அனுப்பணும்லா” என்றேன். சிரித்தாள். நானும் சிரித்தேன். எங்கள் வீட்டில் இப்படித்தான் பேசிக்கொள்வோம். அதற்கப்புறம் டேப்பு போதுமானதாக இருந்தது. ஏன் போதுமானது என்று நான் யோசிக்கவே இல்லை.

நான்கு மாதம் போனது. கடைசிப் பூச்சு காய்ந்தது போட்டிக்கு முந்தின நாள். கூடத்தில் மாட்டிப் பார்த்தாள், பக்கவாட்டுக் கொக்கிகளை நான் போட்டுவிட்டேன். கச்சிதம். இரண்டு நிமிடம் கண்ணாடியில் பார்த்துவிட்டுக் கழற்றிவிட்டாள். “எப்படி இருக்கேன்?” என்று கேட்டாள். “குலை தள்ளுன மரம் மாதிரி இருக்க” என்றேன், பெருமையாகத்தான் சொன்னேன்.

மறுநாள் ஜொகூர் பாரு. மண்டபத்து வாசலில் பதிவு மேசை. கழுத்தில் அட்டை தொங்க விஜிதா என்று ஒரு பெண். அக்கா கையிலிருந்த பெரிய பையைப் பார்த்தாள், எங்கள் முகத்தைப் பார்த்தாள். “ஆண்ட்டி, போட்டியில நிக்கிறது யாரு, உங்க மகனா? அவர வரச் சொல்லுங்க, ஹெல்ப்பர் பாஸ் அங்க குடுப்பாங்க.”

“நான்தான்மா” என்றாள் அக்கா.

அந்தப் பெண் பட்டியலைப் பார்த்தாள். மறுபடி அக்காவைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கே நான் இரண்டு வார்த்தை கேட்டிருப்பேன், அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். மேடைப் பெயர் என்ன என்று அடுத்த கேள்வி. எல்லாரும் வாயில் நுழையாத ஜப்பான் பெயர் வைத்துக்கொள்வார்களாம். அக்கா பேனாவை வாங்கி, அடையாள அட்டையில் இருக்கிறபடி, செல்வராணி அ/பெ மணியம் என்று, இன்னார் மகள் என்பதோடு முழுசாக எழுதினாள். எண் பதினேழு.

உடை மாற்றி, கொக்கி போட்டு, வரிசையில் நின்றோம். மண்டபத்தில் குளிர்சாதனம் நடுங்க வைத்தது. ஐந்தாம் எண் மேடையேறும்போது அக்காவின் நெற்றியில் வியர்வை. ஏழாம் எண்ணில் பேச்சை நிறுத்திவிட்டாள். ஒன்பதில் சுவரைப் பிடித்துக்கொண்டாள். உதடு வெளுத்திருந்தது.

“என்னக்கா செய்யுது?”

“மூச்சு... உள்ள போகல.”

பதறிப்போய் அவளைப் பின்பக்கப் படிக்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்க் கொக்கியை அவிழ்த்தேன். படக்கென்று கவசம் இரண்டு பக்கமும் பிளந்தது. அவள் இழுத்து இழுத்து மூச்சு வாங்கினாள். கொக்கியைத் திரும்பப் போடப் பார்த்தேன். இரண்டு விரல் அகலம் குறைந்தது, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். நேற்று சரியாக இருந்தது எப்படி இன்றைக்குச் சிறுத்தது?

“எட்டலயே அக்கா. ஒரே ராத்திரியில சுருங்கிடுச்சா?”

“அது சுருங்கல” என்றாள். “நான்தான் நேத்தும், இன்னிக்கு மாட்டும்போதும் வயித்த உள்ள இழுத்துக்கிட்டு நின்னேன். அச்சு எடுத்த அன்னிக்கும் இழுத்துக்கிட்டுத்தான் நின்னேன்.”

“பைத்தியமா உனக்கு? வர்றவன் போறவனுக்கெல்லாம் சும்மா நில்லுன்னு பாடம் எடுக்குற! நீ எதுக்கு இழுத்த?”

அவள் என்னைப் பார்த்தாள். அக்கா கோபப்பட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

“எதுக்கா? நீ தண்ணித் தொட்டின்ன. நான் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே இழுத்தேன். சின்னப் புள்ளையில இருந்து நீ ஒண்ணு சொல்லுவ, நான் சிரிப்பேன். அவனுங்க என்னைத் தெரியாதவனுங்க, ஆண்ட்டிம்பானுங்க, டீமும்பானுங்க, போறானுங்க. உனக்கு என்னைத் தெரியும்ல?”

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். நான் அள்ளத்தான் பார்த்தேன். சும்மா விளையாட்டுக்குச் சொன்னது அக்கா என்று இழுத்தேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. பிறகு, “கழட்டிடு, வீட்டுக்குப் போலாம். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்றேன்.

“வாய மூடு. கட்டர எடு.”

பழுது பார்க்கிற சின்னப் பை ஒன்று எப்போதும் அவளோடு வரும். கட்டர், பசை டின், ஃபோம் துண்டு. கவசத்தைப் படிக்கட்டில் கிடத்தினாள். நான்கு மாத வேலை. கொஞ்சம் கூடத் தயங்காமல் அக்குளிலிருந்து இடுப்பு வரை இரண்டு பக்கமும் கொக்கி வரிசையை ஒட்டி நெடுக வெட்டினாள். சாயம் போடாத கறுப்பு ஃபோமில் இரண்டு பட்டை கிழித்தாள். அளவு பார்க்கும்போது என்னைப் பார்த்துக்கொண்டே வயிற்றைத் தளர்த்தி, முழுசாக மூச்சை இழுத்து விட்டாள். “இதான் அளவு. பிடி.”

பிடித்தேன். இரண்டு ஓரத்திலும் பசை பூசினாள். இந்தப் பசையில் ஒரு சங்கதி இருக்கிறது. பூசின உடனே ஒட்டினால் நிற்காது. விரலில் ஒட்டாத அளவுக்குக் காய வேண்டும், அப்புறம் ஒரு முறைதான் அமுக்கலாம். கோணலாக அமுக்கினால் பிய்க்க முடியாது. பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். உள்ளே பதின்மூன்று என்று கூப்பிட்டார்கள். காவலாளி வந்து நாற்றம் என்றான். “அஞ்சு நிமிஷம் பொறுக்க முடியாதா?” என்று அவன் மேல் பாய்ந்தேன், பாவம், அவன் ஒன்றும் செய்யவில்லை. பதினைந்து என்றார்கள். அக்கா புறங்கையால் தொட்டுப் பார்த்தாள், தலையாட்டினாள், அமுக்கினாள். நேராக நின்றது. மறுபடி மாட்டிக் கொக்கி போட்டேன், எட்டியது.

மேடையில் நடுவர் பத்து பஹாட் என்ற ஊரிலிருந்து வந்த ஒரு சீனர், கவசம் செய்வதில் பேர்போனவராம். செதில்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார், தோள் முள்ளைத் தொட்டுப் பார்த்தார். பக்கவாட்டுக்கு வந்ததும் நின்றார். சிவப்புக்கு நடுவில் அந்தக் கறுப்புப் பட்டை அசிங்கமாகத்தான் தெரிந்தது. இதற்கு ஏன் சாயம் அடிக்கவில்லை என்று மலாயில் கேட்டு, ஒலிவாங்கியை நீட்டினார். அக்காவும் மலாயில்தான் சொன்னாள்.

“அச்சு எடுத்த அன்னிக்கு மூச்ச அடக்கிட்டு நின்னேன், என் தங்கச்சி வாய்க்குப் பயந்து. அதோ, அங்க நிக்கிறா. இன்னிக்கு வரிசையில நிக்கிறப்பதான் மூச்சு விட இடமில்லன்னு தெரிஞ்சது. இப்பதான் வெட்டி ஒட்டினேன். சாயம் காய நேரமில்ல. நேரம் இருந்தாலும் அடிச்சிருக்க மாட்டேன்.”

மண்டபமே என் பக்கம் திரும்பிச் சிரித்தது. நடுவர் சிரிக்கவில்லை. குனிந்து, அந்த ஒட்டை விரலால் மேலிருந்து கீழ் வரை தடவிப் பார்த்தார். என் முகம் எரிந்தது. ஒன்பது வருடமாக அக்காவுக்காக எத்தனை பேரோடு சண்டை போட்டிருப்பேன்! அவளுக்காக என்னோடு சண்டை போடத்தான் ஆளே இல்லாமல் போய்விட்டதே என்று அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது, வலித்தது, அவள் மேல் கோபமும் வந்தது. ஆனால் அவள் சொன்னதில் ஒரு எழுத்து கூடப் பொய் இல்லை.

பரிசு வேறு யாருக்கோ போனது. அறிவிப்பாளர் செல்வராணி அ/பெ மணியம் என்று தட்டுத்தடுமாறி முழுப் பெயரையும் வாசித்தார், அவள் கையைத் தூக்கினாள். கீழே இறங்கியதும் இரண்டு பெண்கள் ஓடிவந்து படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள், ஒருத்தி என் கையில் போனைக் கொடுத்தாள். அக்கா நடுவில் நின்றாள். காலை அகட்டி, தோளைத் தொங்கவிட்டு, வயிற்றை அது பாட்டுக்கு விட்டு, தாராளமாக மூச்சு விட்டுக்கொண்டு நின்றாள். போனைத் தூக்கினேன். கொஞ்சம் நிமிந்து நில்லேன்க்கா என்று என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து அதை விழுங்கிக்கொண்டு, அவள் நின்றபடியே எடுத்தேன்.