முதல் வாய்

பெரியவளுக்குப் புகுந்த வீட்டில் கிடைத்தவை இரண்டு: மாடியில் ஓர் அறை, தரைக்கு அடியில் ஒரு கீழறை. நடுவில் இருந்த பீர் கடை மாமியாருடையது. புருஷனும் கொழுந்தனும் பீப்பாய் லாரி ஓட்டுகிறவர்கள். காலையில் கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் வீடு. முதலில் கீழறை வேலை மாமனாருடையது. முழங்கால் மடக்க முடியாமல் போனதும் அதை மூத்த மருமகள் தலையில் கட்டிவிட்டார். அவளும் மறுபேச்சுப் பேசவில்லை.

வேலை என்ன பெரிய வேலை என்று கேட்டுவிடாதீர்கள். பீப்பாய்கள் கீழே, குழாய்கள் மேலே கவுண்டரில். இரண்டுக்கும் நடுவே சுவருக்குள் டியூப் ஏறிப் போகிறது. அதற்குள் பீர் தங்கித் தங்கி வழவழவென்று பாசி பிடிக்கும். வாரா வாரம் கழுவாவிட்டால் பீர் புளித்து நாறும். கழுவுவதற்கு ஒரு மருந்து உண்டு. பேர்தான் மருந்து; சாக்கடை அடைப்பையே அறுத்துக்கொண்டு போகிற காரம். கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும். அதை டியூபில் ஏற்றி ஊற வைத்து, பிறகு டியூபுக்கு ஒரு வாளி என்று தண்ணீர் விட்டு வெளியே தள்ளி, அப்புறம்தான் பீப்பாயை மாட்ட வேண்டும். தண்ணீர் சரியாகப் போகவில்லையென்றால் குடிக்கிறவன் வாய் வெந்துபோகும். கையுறை போட்டுத்தான் வேலை செய்வாள், அப்படியும் அவள் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்தேதான் கிடக்கும்.

அதனால் மாமனார் ஒரு வழக்கம் வைத்திருந்தார். கழுவின அன்றைக்குக் கடை திறக்கும் முன்னே, கழுவினவரே மேலே வந்து ஒவ்வொரு குழாயிலும் முதல் வாய் குடிக்க வேண்டும். "தன் வாயில படும்னு தெரிஞ்சா எவனும் ஒழுங்கா கழுவுவான்" என்பார். பக்கவாட்டுக் கதவு வழியாக முன்னமே வந்து உட்காரும் பழைய வாடிக்கைக்காரர்கள் அவள் முகத்தையே பார்த்திருப்பார்கள். அவள் "சரி" என்றதும் கவுண்டரில் படபடவென்று தட்டுவார்கள். வாரம் முழுக்க வெளிச்சம் படாத இடத்தில் குனிந்து கிடந்தவளுக்கு அந்த ஒரு தட்டல் போதும். அதை வைத்தே அடுத்த வாரத்தை ஓட்டிவிடுவாள்.

மாமனார் போய்ச் சேர்ந்தார். சின்னவள் வந்து சேர்ந்தாள்.

சின்னவளுக்கு ஆண்டவன் கஞ்சத்தனம் பண்ணவே இல்லை. பல்வரிசை, குரல், நடை, எல்லாவற்றையும் அள்ளிக் கொடுத்திருந்தான். மாமியார் அவளைக் கவுண்டரில் நிறுத்தினாள். அவள் ஊற்றினால் நுரை விளிம்பில் வந்து நிற்கும், ஒரு சொட்டு வழியாது. பெரியவளுக்கு ஜலதோஷம் பிடித்து மூக்கடைத்திருந்த ஒரு நாள், மாமியார் முதல் வாயைச் சின்னவளிடம் கொடுத்தாள். சின்னவள் குடித்து, கண்ணை மூடி, "முதல்ல இனிப்பு, கடைசில சின்னதா ஒரு கசப்பு. போனவங்க வாசல்ல திரும்பிப் பாக்கற மாதிரி" என்றாள். கூட்டம் சொக்கிப்போய்விட்டது. நுரைமீசை என்று எல்லாரும் கூப்பிடும் டாக்சிக்காரர் எழுந்து நின்றே தட்டினார்.

ஜலதோஷம் போயிற்று. முதல் வாய் திரும்பி வரவில்லை.

"அவ நாக்கு தங்க நாக்குடி. நீ 'சரி'ங்கறதுக்கு மேல என்னத்த சொல்லியிருக்க?" என்றாள் மாமியார்.

அன்றைக்குப் பெரியவள் சின்னவளோடு பேச்சை நிறுத்தினாள். சின்னவள் "அக்கா, அக்கா" என்று சுற்றி வந்துதான் பார்த்தாள். பெரியவள் சுவரைப் பார்த்தாள், படியைப் பார்த்தாள், அவளை மட்டும் பார்க்கவில்லை. சொல்ல வேண்டியது இருந்தால் படி முகப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் மாமியார் வழியாகப் போகும். "அங்க சொல்லுங்க அத்தை." "இங்க சொன்னாங்க அத்தை."

யார் என்ன சொன்னாலும் சரி, பெரியவள் கெட்டவள் இல்லை. வயிற்றெரிச்சல் வேறு, கெட்ட மனசு வேறு. ஆனால் அந்த மௌனம் ஒரு காரியத்தைக் கெடுத்தது. முன்பெல்லாம் தண்ணீர் விடும்போது கீழிருந்து "தெளிஞ்சுதா?" என்று கேட்பாள். மேலே குழாயடியில் நிற்பவர்கள் விழுகிற தண்ணீரைப் பார்த்து "தெளிஞ்சுது" என்பார்கள். பேச்சு நின்றதும் கேள்வியும் நின்றது. வாளி காலியானால் தெளிந்தது என்று அவளே முடிவு செய்துகொண்டாள்.

அப்படி ஒரு கழுவும் நாள். டியூப் ஒவ்வொன்றாக முடித்து, கடைசியாகக் கறுப்பு பீர் டியூபுக்கு வந்தாள். அதில் மருந்து ஊறிக்கொண்டிருந்தது. அப்போது மேலே சிரிப்பு. சின்னவளின் சிரிப்பு முதலில், பிறகு மொத்தக் கடையும். பெரியவள் காதைத் தீட்டிக்கொண்டாள். என்னைத்தான் சொல்கிறாள். என் மூக்கையா, என் உரிந்த கையையா, என் 'சரி'யையா? மனசு மேலே கவுண்டரில் போய் உட்கார்ந்துகொண்டது. கைகள் மட்டும் கீழே வேலை செய்தன. மருந்து டப்பாவிலிருந்து டியூபை உருவின, பீப்பாயில் மாட்டின, திருகின.

"ஆச்சுன்னு சொல்லுங்க அத்தை."

"ஏய் சின்னவளே, ஆச்சாம்!"

மேலே குழாய்களை அடைக்கும் சத்தம் கேட்டது. பெரியவள் உறையைக் கழற்றிவிட்டு வாளிகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கக் குனிந்தாள். கடைசி வாளி நகரவில்லை. தளும்பத் தளும்பத் தண்ணீர்.

டியூபுக்குள் மருந்து அப்படியே நிற்கிறது, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பீர். வெள்ளை பீராக இருந்தால் நிறம் காட்டிக் கொடுக்கும். கறுப்பில் கத்தரிப்பூ நிறம் யார் கண்ணுக்குத் தெரியும்?

மேலே கவுண்டர் தட்டும் சத்தம். முதல் குழாய் பார்த்தாயிற்று. சின்னவள் எப்போதும் வெள்ளையில் ஆரம்பித்துக் கறுப்பில் முடிப்பாள்.

ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. இத்தனை வருஷமாக ஒரு குறை சொல்ல விடாத வேலை. இப்போது போய்ச் சொன்னால், அத்தனை பேர் முன்னால் மாமியார், 'கழுவக்கூடத் தெரியாதவ' என்பாள். அந்தத் தங்க நாக்குக்காரி தலையைச் சாய்த்து 'பாவம் அக்கா' என்பாள். அதைத்தான் அவளால் தாங்க முடியாது. ஏன், அந்த நாக்கு ஒரு நாளைக்குத் தகரமானால்தான் என்ன? நினைத்துவிட்டாள். நினைத்ததும் தன் உரிந்த விரல்கள் கண்ணில் பட்டன. இது அவள் நாக்காக இருந்தால்?

மறுபடியும் தட்டல்.

"அத்தை! கறுப்புக் குழாய் வேணாம்னு சொல்லுங்க!"

"யாருகிட்ட?"

"அவகிட்டதான் அத்தை!"

"ஏன், நீ சொன்னா வாய் தேஞ்சிடுமா? நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் தபால்காரியா? இன்னிக்கு நீயே..."

பெரியவள் படியில் பாய்ந்தாள். நாற்காலியோடு மாமியாரை ஒதுக்கித் தள்ளிவிட்டு வெளிச்சத்துக்கு வந்தாள். சின்னவள் தலையைச் சாய்த்துக் கறுப்பு கிளாஸை வாயில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏய்! முழுங்காதடி!"

அக்கா தன்னோடு பேசிவிட்டாள் என்ற அதிசயத்தில் சின்னவள் அப்படியே திரும்பினாள். எடுத்த வாய் எடுத்தபடி நின்றது.

"துப்பு! துப்புடி, கழுத!"

துப்பினாள். பிறகுதான் எரிச்சல் தெரிந்து அலறினாள். மாமியார் தாங்கித் தாங்கி நடந்து வந்து, "விரல விட்டு வாந்தி எடுக்கச் சொல்லு" என்றாள். "ஒண்ணும் வேணாம் அத்தை! உள்ள போயிருந்தா திரும்பி வர்றப்பவும் எரிச்சிட்டுத்தான் வரும்" என்று பெரியவள் அவளைத் தொட்டிக்கு இழுத்துப் போனாள். ஓடுகிற தண்ணீரில் வாயைக் காட்டச் சொல்லி, கொப்பளிக்க வைத்து, துப்ப வைத்து, மறுபடியும் கொப்பளிக்க வைத்தாள். சின்னவள் போதும் என்று கையை ஆட்டினால் பின்கழுத்தைப் பிடித்துக் குனிய வைத்தாள். அப்புறம் நுரைமீசை டாக்சியை வாசலில் கொண்டுவந்து நிறுத்த, பெரியவள் மருந்து டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஏறினாள். டாக்டருக்கு எந்த மருந்து என்று காட்ட வேண்டுமே.

டாக்டரம்மா தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தாள். உதடும் நாக்கும் வெந்திருந்தன, தொண்டை தப்பித்தது. "முழுங்கியிருந்தா கதையே வேற. எப்படி நடந்துச்சு?"

சின்னவளால் வாயைத் திறக்க முடியவில்லை. அறையில் இருந்த எல்லாக் கண்களும் பெரியவள் பக்கம் திரும்பின. பீப்பாயில் ஏதோ கோளாறு என்று சொல்லியிருந்தால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள்.

"நான்தாங்க. தண்ணி விடாம பீப்பாய மாட்டிட்டேன்."

"சோதிக்கறதுக்குக் காகிதம் குடுப்பாங்களே. காரம் இருந்தா நிறம் மாறுமே?"

"இருக்குங்க. நாக்கு இருக்கறப்ப காகிதம் எதுக்குன்னு அத்தை எடுத்து வெச்சிட்டாங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நாக்கு சாப்பிடறதுக்கும்மா" என்றாள்.

திரும்பி வரும்போது பின் சீட்டில் இருவரும் ஜன்னலுக்கு ஒருவராக உட்கார்ந்திருந்தார்கள். பெரியவளால் அடக்க முடியவில்லை. "சரி, என்னைப் பத்தி என்ன சொல்லிச் சிரிச்ச?"

சின்னவள் வீங்கின உதட்டோடு கையை விரித்தாள். பதில் முன்னாலிருந்து வந்தது.

"ஐயோ அதும்மா, என் மீசை! புதுசா சாயம் பூசினேன். வேர்வையில கரைஞ்சு சட்டைக் காலர் பூரா கறுப்பு. உங்க பேச்சே எடுக்கல!"

பெரியவளுக்கு இது இன்னும் எரிந்தது. தன்னைப் பற்றிச் சிரித்திருந்தாலாவது ஒரு நியாயம் இருந்திருக்கும். மீசைக்காகவா நான் தண்ணீர் விட மறந்தேன்?

அடுத்து வந்த நாள்களைக் கேட்காதீர்கள். சின்னவள் வாயைத் திறக்காமல் கவுண்டரில் உட்கார்ந்திருந்தாள். கடை முன்னை விட நிரம்பி வழிந்தது. ஒருத்தர் ஐஸ் கட்டி, ஒருத்தர் குளிர்ந்த பால், தையல்காரர் உதட்டில் ஒற்றிக்கொள்ள மெல்லிய துணி. வெந்த வாயோடும் அவள்தான் ராணி. பெரியவளிடம் யாராவது வந்து உன் மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டார்களா? அவளும் எதிர்பார்க்கவில்லைதான். இருந்தாலும் கேட்டிருக்கலாம்.

மறுபடியும் கழுவும் நாள் வந்தது. பெரியவள் முதல் காரியமாகப் படி முகப்பிலிருந்த நாற்காலியைத் தூக்கி உள்ளே போட்டாள். "அத்தை, நீங்க அங்க உக்காருங்க. இங்க எங்களுக்கு வேலை இருக்கு."

தண்ணீர் விட்டபோது கீழிருந்து கத்தினாள்: "தெளிஞ்சுதாடி?"

"இன்னும் இல்லக்கா!" உதடு ஒட்டாத குழறல்.

"இப்ப?"

"இரு... இப்ப தெளிஞ்சுது."

மேலே வந்து, ஒவ்வொரு குழாயிலும் காகிதத்தை நனைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நிறம் மாறவில்லை. மாமியார் அதற்குள் ஒரு கிளாஸை ஊற்றி நுரைமீசையிடம் நீட்டிவிட்டாள். "சின்னவளுக்கு இன்னும் ஆறல. நீங்க பாருங்க தம்பி."

பெரியவள் குறுக்கே கையை நீட்டிக் கிளாஸைப் பிடுங்கினாள். "குடுங்க இங்க. கழுவினது நான்."

"உன் நாக்குக்கு ருசி தெரியுமாடி?"

"ருசி தெரியலன்னா போகுது. எரிஞ்சா தெரியும். இனி இந்தக் கடையில முதல் வாய் என் வாய். சின்னவ நுரையைப் பாத்துக்கட்டும், நான் டியூபைப் பாத்துக்கறேன். இது நடக்காதுன்னா நாளைக்கே கீழறைச் சாவிய நீங்களே வெச்சுக்குங்க."

சாவி என்றதும் மாமியார் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். அந்தப் படியில் இறங்க அவளுக்குக் கால் ஏது?

பெரியவள் ஒவ்வொன்றாகக் குடித்தாள். கறுப்பை மட்டும் வாயில் உருட்டிப் பார்த்து விழுங்கினாள்.

"எப்படி இருக்கும்மா?" என்றார் நுரைமீசை.

"பீர் மாதிரி இருக்கு. சரி."

யாரும் தட்டவில்லை. எல்லார் கண்ணும் பழக்கத்தில் சின்னவள் பக்கம் போனது. சின்னவள் தலையை ஆட்டவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு அக்காவைப் பார்த்தாள்.

"அவள ஏன் பாக்கறீங்க?" பெரியவள் கிளாஸை டக்கென்று கவுண்டரில் வைத்தாள். "நான்தான சொன்னேன், சரின்னு!"

சின்னவள்தான் முதலில் தட்டினாள்.